கரையான் அரிக்காத புத்தகம்

தம்பி, அந்தப் பேப்பரை அப்படிச் சுருட்டாதீங்க. ஆமா, உங்களைத்தான். சீல் இருக்கற எடத்துல மடிப்பு விழுந்துச்சுன்னா நாளைக்கு சீலே இல்லைம்பாங்க. குடுங்க இப்படி. பயப்படாதீங்க, நான் உங்க எதிர்த்தரப்பு ஆளு இல்ல. ஸ்பின்னிங் மில்லுல ரெக்கார்ட் ரூம் பாக்கறவன். பேரு சந்தானகிருஷ்ணன். சாட்சி சொல்ல வந்திருக்கேன். கூப்பிட இன்னும் நேரமாகும், ஜட்ஜ் ஐயா இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்திருக்கார்.

பஸ் கம்பெனியா? டிரைவரா? வேலையை விட்டு எடுத்துட்டாங்களாக்கும். சரி. என்ன இது, வீட்டுக் கரண்ட் பில்லும் சஸ்பெண்ட் ஆர்டரும் ஒரே கவர்ல கிடக்கு? உங்க வக்கீல் ஒண்ணும் சொல்லலையா? விடுங்க, தேதிவாரியா நான் அடுக்கித் தர்றேன். சும்மா உக்காந்திருக்க என் கைக்கு வராது.

ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்கக் கூடாது. உங்க கம்பெனியில என்னை மாதிரி ஒருத்தன் மட்டும் இருந்திருந்தா நீங்க இந்த வராந்தாவுல இப்படி நடையா நடக்க வேண்டியிருக்காது. மொத வாய்தாவுலயே முடிஞ்சிருக்கும். உங்களுக்கு எதிராத்தான் முடிஞ்சிருக்கும், ஆனா சுத்தமா முடிஞ்சிருக்கும்.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்க மில்லு ஒரு கேஸ் தோத்துச்சு. ஒரு ஆளுக்கு மெஷின்ல விரல் போயிருச்சு. அவனுக்கு எப்படி மெஷின் ஓட்டணும்னு சொல்லிக் குடுத்தீங்களான்னு கோர்ட்டு கேட்டுச்சு. சொல்லிக் குடுத்தோம்னு எங்காளுங்க சொன்னாங்க. எங்க எழுதி வச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லை. அன்னைக்கு எங்க வக்கீல் இதே வராந்தாவுலதான், அந்தா அந்தத் தூணுகிட்ட நின்னு சொன்னார். "எழுத்துல இல்லாதது நடக்கவே இல்லய்யா. எழுத்துல இருக்கறதுதான் நடந்தது." மத்தவங்க அதைக் கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. நான் போகலை. அது அப்படியே என் மனசுல உக்காந்துருச்சு.

அதுக்கப்புறம் நான் உண்டாக்கினதுதான் அந்த ரூம். இரும்பு ரேக்கு. ஒவ்வொரு ரேக்குக் காலும் எண்ணெய் ஊத்தின கிண்ணத்துக்குள்ள நிக்கும். எங்க மில்லு காம்பவுண்டு முழுக்கக் கரையான், தம்பி. மேனேஜர் ரூம் கதவையே அரிச்சு, தொட்டா மாவா உதிரும். என் ரூம்ல ஒரு கரையான் காட்டுங்க பாப்போம். எதை எத்தனை வருஷம் வைக்கணும், எதை எப்ப அழிக்கணும், அழிச்சா யார் முன்னாடி அழிக்கணும், எல்லாத்துக்கும் முறை வச்சிருக்கேன். கேஸ்னு ஒண்ணு வந்துட்டா அது சம்பந்தப்பட்ட கட்டுக்குச் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டியாச்சுன்னா முதலாளியே வந்து நின்னாலும் ஒரு தாளை உருவ முடியாது, திருத்த முடியாது. கேஸ் முடியணும், அப்புறந்தான் நூலை அவுப்பேன். ஆடிட்டுக்கு வந்தவங்க பாத்துட்டு, இது கோயில் மாதிரி இருக்குன்னாங்க. எனக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போயும் சோறு எறங்கலை, அவ்வளவு சந்தோஷம்.

இது உங்க சார்ஜ் ஷீட்டா? இதுக்கு நீங்க குடுத்த பதில் எங்க? வாயால சொன்னீங்களா? ஐயோ ஐயோ.

எங்க மில்லுல பாருங்க. மாசாமாசம் பாதுகாப்புப் பயிற்சி நடத்தணும், வந்தவங்க கையெழுத்து வேணும். இது சட்டம். ஆனா ஓடற மெஷினை நிறுத்திட்டு வேலை பாக்கற அத்தனை பொம்பளைப் பிள்ளைங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சா உற்பத்தி என்னாகறது? மேனேஜர் ஜெயசீலன் சார் தலையில கை வச்சுக்கிட்டார். அதுக்கு வழி கண்டுபிடிச்சது நான்தான். பிள்ளைங்க புதுசா வேலைக்குச் சேர ஊர்லேருந்து வேன்ல வந்து எறங்கற அன்னைக்கு எப்படியும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு ஏகப்பட்ட கையெழுத்து வாங்கறோம். அதோட சேத்து, அந்த வருஷத்துப் பயிற்சித் தாள் எல்லாத்துலயும் அன்னைக்கே கையெழுத்து வாங்கிடறது. மாசத்துக்கு ஒரு தாள். ஒரு தாள்ல அந்த பேட்ச் மொத்தப் பேரும் வரிசையா இருப்பாங்க. கையெழுத்து முடிஞ்சதும் பக்க எண் குத்தி, புத்தகமாத் தச்சிருவேன். அந்தந்த மாசம் வந்ததும் தேதியை மட்டும் நான் போட்டுருவேன். ஒரு நிமிஷ வேலை.

பயிற்சி நடந்துச்சான்னு கேக்கறீங்களா? தாள் இருக்குன்னு சொல்றேன்ல.

அதை வச்சு எத்தனை கேஸ் ஜெயிச்சோம் தெரியுமா? கை போன கேஸ், கால் போன கேஸ். புத்தகத்தைக் கொண்டுபோய் மேசையில வைப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் பொரட்டிப் பாப்பார். மூடி வச்சுருவார்.

உசிலம்பட்டிப் பக்கத்துலேருந்து ஒரு பேட்ச் வந்துச்சு. அதுல ஒரு பொண்ணு, அழகுராணின்னு. மத்ததெல்லாம் கோழி கிறுக்கின மாதிரி இழுத்துட்டுப் போகுதுங்க. இது மட்டும் ஒவ்வொரு தாள்லயும் முழுப்பேரா எழுதுது, நிறுத்தி நிதானமா. அடியில ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. எனக்கு அந்தக் கையெழுத்தைப் பாத்ததும் பிடிச்சுப்போச்சு. பின்னாடி நிக்கறதுங்க எல்லாம் சீக்கிரம் போடுடின்னு கத்துதுங்க. இது நிமிந்து என்னைக் கேக்குது. "சார், ஒரு வருஷத்துக்கும் இப்பயே போடணுமா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் லீவு போட்டாலும் வந்த மாதிரிதானா சார்?"

"ஆமாம்மா. லீவு போட்டாலும் வந்த மாதிரிதான்."

சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன்.

கார்டிங்னு ஒரு பகுதி இருக்கு, பஞ்சைச் சீவற எடம். அங்க பெல்ட்டுல அந்தப் பொண்ணு துப்பட்டா மாட்டிக்கிச்சு. ஒரு இழுப்பு. துப்பட்டாவோட முடியும் சேந்து உள்ள போயிருச்சு. நான் போய்ப் பாக்கலை. எனக்கு அங்க என்ன வேலை? மத்தியானம் கேன்டீன்ல சொல்லிக்கிட்டாங்க, உயிர் அங்கயே போயிருச்சுன்னு. நான் எந்திரிச்சு ரூமுக்குப் போய், அந்தப் பொண்ணு சம்பந்தப்பட்டதெல்லாம் எடுத்துச் சிவப்பு நூல் கட்டினேன். ஆம்புலன்ஸ் சத்தம் அடங்கறதுக்கு முன்னாடி கட்டிட்டேன். எந்தக் கம்பெனியில இவ்வளவு வேகமா நடக்கும், சொல்லுங்க? ஜெயசீலன் சாரே அசந்துட்டார்.

அவளோட அம்மா கேஸ் போட்டாங்க. அந்தா, அந்த சன்னலுக்குக் கீழ தரையில உக்காந்திருக்காங்க பாருங்க, பச்சைச் சேலை, மஞ்சப்பை. ஒச்சம்மாள். திரும்பிப் பாக்காதீங்க, சாடையாப் பாருங்க. அவங்கதான். எம்மகளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கலை, தலையில கட்டத் துணிகூடக் குடுக்கலைங்கறதுதான் அவங்க கேஸ். கையில ஒரு தாள் கிடையாது. வெறும் வாய்ப்பேச்சு. என்கிட்ட அழகுராணி கைப்பட எழுதின முழுப்பேர் இருக்கு, மாசாமாசம்.

இதுக்கு நடுவுல ஒருநாள் அந்தம்மா மில்லுக்கே வந்துருச்சு. வாட்ச்மேன் தடுத்தும் கேக்காம நேரா என் ரூம் வாசல்ல வந்து நிக்குது. சண்டைக்கு வந்திருக்குன்னு நெனச்சேன். இல்லை. "சாமி, நான் கைநாட்டு. எம்மகதான் எங்க வீட்டுலயே மொதமொதல்ல கையெழுத்துப் போட்டவ. எங்க பாத்தாலும் எழுதிக்கிட்டே இருப்பா, அடுப்புக்கரியால சொவத்துலகூட. மழையில சொவரு விழுந்துபோச்சு. இங்க நெறையப் போட்டிருக்கான்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஒரே ஒருவாட்டி காமிங்க சாமி. தொடமாட்டேன்."

எப்படிக் காட்டறது? சிவப்பு நூல் கட்டின கட்டு. எதிர்த்தரப்புக்கு, அதுவும் கோர்ட்டுக்கு வெளிய. முடியாதும்மான்னுட்டேன். தண்ணி வேணும்னா குடிச்சுட்டுப் போங்கன்னேன். குடிக்கலை. அந்தக் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுட்டுப் போச்சு. எண்ணெய்க் கிண்ணத்தைக் கால்ல இடிச்சுறப் போகுதேன்னுதான் எனக்கு அப்ப பயம்.

இது உங்க மருத்துவச் சான்றிதழ். இது எப்படித் தப்பிச்சுக் கெடந்துச்சு? உங்க கேஸே இதுதான் தம்பி. மேல வைக்கிறேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆங். அந்த விபத்துக்கப்புறம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து, இனிமே நானே வந்து பாப்பேன், பயிற்சி நடக்கணும்னுட்டார். வேற வழியில்லாம நெசமாவே நடத்த ஆரம்பிச்சோம். கேன்டீன் பக்கத்துல ஒரு கொட்டகை. சாயங்கால ஷிப்ட் மாறுற நேரம். வெளியூர்லேருந்து ஒருத்தர் வந்து பாடம் எடுப்பார். தாளுக்கு என்ன பண்றது? அதுதான் ஏற்கெனவே கையெழுத்தோட இருக்கே. புத்தகமாத் தச்சாச்சு, பக்க எண் குத்தியாச்சு. தேதி போடாம விட்டா, வெறும் கையெழுத்து மட்டும் நிக்கும். இவ்வளவு பேரும் முன்கூட்டியே போட்டதுன்னு குழந்தைகூடக் கண்டுபிடிச்சுரும். அதனால நடந்த தேதியை நான் போட்டேன், காலி எடத்தை நிரப்பறது திருத்தல்ல சேராது. சரிதானே? நடந்த பயிற்சிக்கு, நடந்த தேதி. அதுவரைக்கும் என் புத்தகத்துல அவ்வளவு சுத்தமான பக்கம் இருந்ததில்லை.

அந்தப் பக்கத்துல அழகுராணியும் இருந்தா. நடு வரிசையில. முழுப்பேர், கோடு, ரெண்டு புள்ளி.

அடிக்கலாம்னு பேனாவை எடுத்தேன். சிவப்பு நூல் கட்டின கட்டுல அடித்தல் திருத்தல் பண்ணலாமா? நானே போட்ட விதி. கிழிக்கலாமா? கிழிச்சா அந்தத் தாள்ல மத்தப் பிள்ளைங்க கையெழுத்தும் போயிரும், பக்க எண்ணும் இடறும். மூடி வச்சேன்.

மறுமாசம் பயிற்சி அன்னைக்குப் புத்தகத்தோட கொட்டகைக்குப் போனேன். தாள்ல இருக்கற பேரையும் உக்காந்திருக்கற தலையையும் ஒத்துப் பாக்கறது என் பழக்கம். தாள்ல ஒண்ணு கூட இருக்கணும்ல? அவ இல்லையே. எண்ணினேன். சரியா இருந்துச்சு.

திரும்ப எண்ணினேன் தம்பி. சரியாத்தான் இருந்துச்சு.

கடைசி வரிசையில, தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. தலை முழுக்கப் பஞ்சு. முடி விரிஞ்சு கெடக்கு. மடியில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, பாடம் எடுக்கறவர் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கா. துப்பட்டாவைப் பின்னாடி கொண்டுபோய் இறுக்கி முடிச்சுப் போடணும்னு அவர் சொல்றார். மத்ததுங்க கொட்டாவி விடுதுங்க. இவ தலையாட்டறா. புரிஞ்சுதான்னு கேக்கறார். அதுக்கும் தலையாட்டறா. எங்க மில்லுல யாரும் அவ்வளவு கவனமாப் பாடம் கேட்டு நான் பாத்ததில்லை.

பிரமைன்னுதான் நானும் நெனச்சேன். வயசாச்சு, கண்ணைக் காட்டணும்னு கண்ணாஸ்பத்திரிக்குக்கூடப் போனேன். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க. அடுத்த மாசமும் வந்தா. அதுக்கடுத்த மாசமும். ஒரு மாசம்கூடத் தவறலை. யோசிச்சுப் பாத்தா, எப்படித் தவறுவா? எழுத்துல இருக்கறதுதானே நடந்தது. வந்தான்னு எழுதியிருக்கு, தேதி நான் போட்டிருக்கேன். அப்புறம் வராம எங்க போவா?

எனக்குப் பயமா இருக்கு தம்பி. வெளிய சொல்லலை. எங்க வீட்டுக்காரி கேக்கறா, ஏங்க தூக்கத்துல தலைய எண்ணறீங்கன்னு. போன மாசம் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காந்தேன். எதிர் வரிசையில ஒரு இலை. பரிமாறினது பரிமாறின மேனிக்கு இருக்கு, ஆளு இல்லை. மத்தவங்களுக்கு ஆளு இல்லை. நான் சாப்பிடாம எந்திரிச்சு வந்துட்டேன். பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கோவம்.

இன்னைக்கு என்ன விஷயம்னா, அந்தம்மாவோட வக்கீல், சின்னப் பொண்ணுதான், ஜெராக்ஸெல்லாம் வேணாம், அந்தப் புத்தகத்தையே முழுசாக் கொண்டு வரச் சொல்லுங்கன்னு கேட்டு ஆர்டர் வாங்கிருச்சு. ஜெயசீலன் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் புத்தகத்தைப் பொரட்டிப் பாத்துட்டார் போல. மூஞ்சி வெளுத்துப்போச்சு. செத்த பொண்ணு எப்படிய்யா மறுமாசம் கையெழுத்துப் போட்டிருக்குன்னு என்னைக் கேக்கறார். போட்டது முன்னாடி சார், வந்தது பின்னாடின்னு சொன்னேன். அவருக்குப் புரியலை. வேற புத்தகம் தயார் பண்ணலாம்னார். அந்த பேட்ச் பிள்ளைங்க பாதிப் பேரு கல்யாணம் ஆகி, ஊரைவிட்டுப் போயாச்சு, கையெழுத்துக்கு எங்க போறது? கடைசியில சொல்றார். "கோர்ட்டுல ஒரே வார்த்தை சொல்லிருங்க சந்தானம். புத்தகத்தைக் கரையான் அரிச்சிருச்சுன்னு."

கரையான்.

என் ரூம்ல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவுத்திருப்பேன். இத்தனை வருஷமா அந்தக் கிண்ணத்துக்கெல்லாம் நான் எண்ணெய் ஊத்தியிருக்கேன். ஆயுதபூஜைக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள் தவிர ரூமைப் பூட்டினதில்லை. கரையான் அரிச்சிருச்சுன்னு நானே கூண்டுல ஏறிச் சொல்லணுமாம், சத்தியம் வேற பண்ணி. சொல்லலைன்னா ரிட்டயர்மெண்டுக்கு மேல குடுத்திருக்கற நீட்டிப்பு கிடையாதாம். கீழ கார்ல உக்காந்திருக்கார் இப்ப. புத்தகம் மில்லுல இருக்குன்னு நெனச்சுக்கிட்டு.

இந்தா இருக்கு. தொடாதீங்க, பாருங்க. நூலு தெரியுதா, சிவப்பு? ஒரு மூலை மடிஞ்சிருக்கா? ஒரு பூச்சி அரிச்சிருக்கா? மோந்து பாருங்க, நாப்தலீன் வாசனை மட்டும்தான் வரும்.

ஆமா, நீங்க சொல்றது எனக்கும் தெரியும். இதைக் குடுத்தா மில்லு தோக்கும்னு ஜெயசீலன் சாரும் சொன்னார். ஏன் தோக்கணும்? அதுதான் எனக்குப் புரியலை. பயிற்சியே குடுக்கலைன்னுதானே அவங்க கேஸ்? வந்திருக்கா. எல்லா மாசமும் வந்திருக்கா. வேற யாரைப் பத்தியாவது இவ்வளவு உறுதியா நான் சாட்சி சொல்ல முடியுமா? மத்த வருஷமெல்லாம் தாளை மட்டும்தான் பாத்தேன். இவளைக் கண்ணால பாத்தேன்.

இன்னொண்ணும் இருக்கு. கோர்ட்டுல ஆவணமா ஏத்துக்கிட்டு நம்பர் போட்டுட்டாங்கன்னா, அதுக்கப்புறம் அது எங்க மில்லோட தாள் மட்டும் இல்லை. ரெண்டு தரப்பும் பாக்கலாம். அந்தம்மாவும் பாக்கலாம். மேசையில வச்சு, பக்கம் பக்கமாத் திருப்பி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துக்கலாம். என் விதியில அதுக்குத் தடை இல்லை. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன், எங்கயும் தடை இல்லை.

இந்தாங்க உங்க பேப்பர். தேதிவாரியா இருக்கு. மருத்துவச் சான்றிதழ் மேல. உங்க வக்கீல் கேட்டா மொத அதை நீட்டுங்க. கரண்ட் பில்லு சட்டைப் பையில இருக்கட்டும்.

கூப்பிடறாங்களா? ஒச்சம்மாள்னு கேட்டுச்சா? ஆமா, எங்க கேஸ்தான். அந்தம்மா எந்திரிக்குது பாருங்க, சன்னலைப் பிடிச்சுக்கிட்டு. நானும் போறேன். ஐயா என்ன கேப்பாருன்னு தெரியும். இந்தத் தேதியில அழகுராணி பயிற்சிக்கு வந்தாளான்னு கேப்பார். வந்தா ஐயான்னு சொல்லுவேன். கடைசி வரிசை, தண்ணி டிரம்முக்குப் பக்கத்துலன்னு சொல்லுவேன். துப்பட்டா எப்படிக் கட்டணும்னு இப்ப அவளுக்குத் தெரியும்னும் சொல்லுவேன். சத்தியம் பண்ணிட்டு அதைத்தான் சொல்ல முடியும்.

கொஞ்சம் காலை மடக்கிக்கங்க தம்பி. எனக்கில்லை, நான் தாண்டிப் போயிருவேன். எனக்குப் பின்னாடி வர்ற பிள்ளைக்கு.